சும்மா இருக்கும் வகுப்பு

என் தம்பிக்குக் காலையில் பள்ளி வேன் வருகிற நேரத்துக்குச் சரியாக வயிறு வலிக்கும். ஞாயிற்றுக்கிழமை வலிக்காது. இதை வைத்தே விஷயத்தைக் கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் ஸ்கேன் எடுத்து, ரத்தம் எடுத்து, இனி எடுப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்ற நிலை வந்த பிறகுதான் குழந்தைகள் நல மருத்துவரிடம் போனார்கள். நானும் ஒட்டிக்கொண்டேன். தம்பி மேல் இருந்த பாசம் ஒரு காரணம். அன்றைக்கு எனக்கு வேதியியல் டியூஷன் இருந்தது இன்னொரு காரணம்.

மருத்துவர் அவன் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார்.

"ஸ்கூல் விட்டு வந்தா என்னப்பா பண்ணுவ?"

"திங்கள் அபாகஸ், செவ்வாய் கீபோர்டு, புதன் கராத்தே, வியாழன் கோடிங், வெள்ளி கையெழுத்துப் பயிற்சி" என்று தம்பி ஒப்பித்தான்.

"சனிக்கிழமை?"

"வாரத்துல விட்டுப்போன கிளாஸ்."

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "வயித்துல ஒண்ணும் இல்லம்மா. தினமும் ஒரு மணி நேரம் பையனைச் சும்மா விடுங்க. விளையாடினா விளையாடட்டும், படுத்தா படுக்கட்டும். சும்மா இருக்கணும், அவ்வளவுதான்."

அம்மா கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். "சரிங்க டாக்டர். இது எங்க நல்லா சொல்லித் தராங்க?"

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அம்மாவைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது. அவள் ஒரு பெரிய மருத்துவமனையில் நர்சுகளுக்கு ஷிப்ட் போடுகிறவள். அவளுடைய அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் ஏதோ ஒரு வார்டில் நோயாளி தனியாகக் கிடப்பான். அதனால் காலிக் கட்டத்தைக் கண்டாலே அவளுக்குப் பதறும். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பதற்றம் இறங்குவதில்லை. போதாததற்கு, பிள்ளை பின்தங்கிவிடுவானோ என்ற பயம் வேறு. அந்தப் பயத்தை லிப்டிலும் காய்கறிக் கடையிலும் மற்ற அம்மாக்களோடு மாற்றி மாற்றிக் கொடுத்து வாங்கிக்கொள்வாள். அப்பா லிப்ட் பழுது பார்ப்பவர். நகரத்தில் எந்த நேரமும் யாராவது இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு இருப்பார்கள் என்பதால், குடும்ப விஷயங்களில் கருத்துச் சொல்லாமல் தப்பித்துக்கொள்வார்.

முதலில் அம்மா தானே முயன்று பார்த்தாள். தம்பியை சோபாவில் உட்கார வைத்து, "சும்மா இருடா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்தே குரல் வந்தது.

"சும்மாதானே இருக்க, அந்தத் துணியை மடிச்சு வை."

மடித்தான்.

"சும்மாதானே இருக்க, அப்படியே பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிப் பாரு."

அந்த வாரக் கடைசியில் அம்மாவே தீர்ப்புச் சொன்னாள். "வீட்ல இது சரிப்படாது. ஒரு கிளாஸ்ல போட்டாத்தான் ஒழுங்கா வரும்."

அப்போதுதான் எனக்கு மேல்மாடி அண்ணன் ஞாபகம் வந்தது. இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தார். தேடி அலுத்துப்போய், வேலையே வந்து தன்னைத் தேடட்டும் என்று மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் படுத்திருப்பார். அவருடைய அம்மா படிக்கட்டில் எதிர்ப்படுகிறவர்களிடம் எல்லாம், "வெட்டியா கெடக்கான்" என்று அழாத குறையாகச் சொல்வார். நான் போனபோது முகத்தில் சட்டையைப் போட்டு மூடியிருந்தார்.

"அண்ணா, உங்களுக்கு ஒரு வேலை இருக்கு."

பதறி எழுந்து உட்கார்ந்தார். "என்ன வேலை?"

"சும்மா இருக்கணும்."

மறுபடியும் படுத்துக்கொண்டார். "அதுலதான் ஏற்கெனவே இருக்கேனே."

விவரத்தைச் சொன்னேன். தம்பியின் வயிற்றைப் பற்றிக் கேட்டதும் முகத்திலிருந்த சட்டையை விலக்கினார். "அனுப்பு" என்றார்.

அம்மாவிடம் போய், "மொட்டைமாடில மன ஓய்வுப் பயிற்சின்னு ஒரு கிளாஸ் ஆரம்பிச்சிருக்காங்கம்மா. டாக்டர் சொன்ன அதே விஷயம்தான்" என்றேன்.

"யாரு எடுக்கறாங்க?"

"மேல்மாடி அண்ணன்."

"அந்த எருமையா? அவன் ரெண்டு வருஷமா சும்மா..." அம்மா பாதியில் நிறுத்தினாள். யோசித்தாள். "அனுபவம் இருக்கு" என்றாள் மெதுவாக.

முதல் நாள் பாடம் இப்படி நடந்தது. "எல்லாரும் உக்காருங்க. இல்லன்னா நில்லுங்க" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் முகத்தை மூடிக்கொண்டார். எல்லாரும் என்பது என் தம்பி ஒருவன்தான். அவன் கைகட்டி உட்கார்ந்திருந்தான்.

"சார், அடுத்து என்ன?"

"அடுத்து ஒண்ணும் இல்ல."

"ஹோம்வொர்க்?"

"ஏன்டா இந்த வயசுல இப்படிக் கெட்டுப்போயிட்ட?" என்று சட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது.

சில நாள் அவனுக்குக் கை காலை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. பிறகு தொட்டியிலிருந்து ஒழுகும் தண்ணீருக்குச் செங்கல் துண்டுகளை வைத்து வாய்க்கால் கட்டினான். எதிர் வீட்டுப் பெண் வந்து சேர்ந்தாள், அவளுக்குப் பின்னால் இன்னும் சில வால்கள் வந்தன. செருப்பை எறிந்து கொடியில் இருக்கிற கிளிப்பை விழவைக்கும் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு அவர்கள் வைத்திருந்த விதிகள் நாட்டின் சட்டத்தைவிடச் சிக்கலானவை. தம்பி வியர்த்து, முழங்கையில் பாசியோடு, தொண்டை கம்மி வீட்டுக்கு வந்தான். அம்மா அதையெல்லாம் பயிற்சியின் பக்க விளைவு என்று எடுத்துக்கொண்டாள்.

ஒருநாள் காலை வேன் ஹாரன் அடித்தது. தம்பி தட்டைக் காலி செய்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அம்மாவால் நம்ப முடியவில்லை. படிக்கட்டு வரை பின்னால் போனாள்.

"டேய், வயிறு வலிக்கலையா?"

"எந்த வயிறு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

எனக்கு அவ்வளவு சந்தோஷம். யாருக்கும் தெரியாமல் ஒரு குத்தாட்டம்கூடப் போட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் சந்தோஷத்துக்கு ஆயுசு கம்மி. அன்று சாயங்காலமே அம்மா குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த அட்டவணையின் முன்னால் நின்றுகொண்டு, "வலிதான் போயிடுச்சே. அந்த ஒரு மணி நேரம் இனிமே காலியாத்தானே இருக்கும்? ரோபோட்டிக்ஸ்ல போட்டுடலாம்" என்றாள்.

தம்பி ஸ்பூனைக் கீழே வைத்தான். அவன் கை தானாக வயிற்றுக்குப் போனது. அதைப் பார்த்த பிறகு எப்படி வாயை மூடிக்கொண்டு இருப்பது?

"அய்யோ, பாதியில நிறுத்தக் கூடாதும்மா. இப்பதான் முதல் நிலை. பரீட்சை இருக்கு. பாஸ் பண்ணாத்தான் அடுத்த நிலை, அப்புறம் அதுக்கும் மேல ஒண்ணு..."

பாதியில் நிறுத்துவது என்றால் அம்மாவுக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். பரீட்சை என்ற சொல் அவளை என்ன பாடு படுத்தும் என்பதைத்தான் யோசிக்காமல் விட்டுவிட்டேன். அவள் கண் மின்னியது.

"பரீட்சையா? எப்ப?"

"ஞாயித்துக்கிழமை" என்றது என் நாக்கு.

"பெத்தவங்க பாக்கலாமா?" என்று கேட்டவள் பதிலுக்குக் காத்திருக்காமல் மற்ற அம்மாக்களை போனில் கூப்பிடத் தொடங்கிவிட்டாள்.

மறுநாள் விடியற்காலையில் பயிற்சி ஆரம்பித்தது. கூடத்தில் பாய் விரித்து, தூக்கக் கலக்கத்தில் இருந்த தம்பியை எழுப்பிக் கொண்டுவந்து அதில் படுக்க வைத்தாள். தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பிச் சும்மா படுக்க வைப்பதற்கு ஒரு தனித் திறமை வேண்டும்.

"காலை ஆட்டாத. சும்மா இருக்கறவன் காலை ஆட்டுவானா? மூஞ்சிய ஏன் அப்படி வச்சிருக்க? நிம்மதியா வை. இன்னும் கொஞ்சம் நிம்மதியா. எதிர் வீட்டுப் பொண்ணு உன்னைவிட நல்லா சும்மா இருக்காளாம்."

வெள்ளிக்கிழமை வேன் வந்தபோது தம்பி குளியலறையிலிருந்து வெளியே வரவில்லை. அம்மா அதைப் பரீட்சைப் பயம் என்றாள். "நல்லதுதான், அப்பதான் பொறுப்பு வரும்" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அந்த அட்டவணையைக் கிழித்துத் தின்றுவிடலாம் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டைமாடியில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அப்பாவுக்கு ஏதோ ஒரு கட்டடத்தில் லிப்ட் நின்றுவிட்டதால் வரவில்லை. பெற்றோர்கள் கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேல்மாடி அண்ணன் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டிருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது.

"வாங்க சார், உங்களுக்காகத்தான் காத்துட்டு இருக்கோம்" என்றாள் அம்மா. எருமை போன இடம் தெரியவில்லை.

"ஆரம்பிக்கலாம்" என்று சொல்லிவிட்டு சார் படுத்துக்கொண்டார்.

பிள்ளைகள் பாய்களில் மூட்டை அடுக்கினதுபோல வரிசையாக விறைத்துப் படுத்தார்கள். ஒரு செருப்பு பறக்கவில்லை, வாய்க்காலில் ஒரு செங்கல் இல்லை. முன்வரிசையிலிருந்து அம்மா சைகை காட்டிக்கொண்டே இருந்தாள். தோளைத் தளர்த்து, நெற்றியைச் சுருக்காதே, மூச்சை இழு, விடு. தம்பியின் மேல் உதட்டில் வியர்வை பூத்தது. முழங்கால் இரண்டும் மெல்ல வயிற்றை நோக்கி வந்தன. பிறகு எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"எனக்கு வரல."

"என்னடா வரல?"

"சும்மா இருக்க வரல. வயிறு வலிக்குது."

எல்லாக் கைபேசிகளும் அவன் பக்கம் திரும்பின. எனக்கு உயிரே போய்விட்டது. நாளையிலிருந்து ரோபோட்டிக்ஸ்தான். சும்மா இருக்கக்கூடத் தெரியாத பிள்ளை என்ற பெயர் அவனுக்குக் காலத்துக்கும் ஒட்டிக்கொள்ளும். அம்மா எழுந்து போய் அவன் பக்கத்தில் மண்டியிட்டாள். நான் திட்டை எதிர்பார்த்தேன்.

"ரொம்ப வலிக்குதா?"

"நீ பாத்துட்டே இருக்கம்மா" என்றான் அவன். "நீ பாத்தா எனக்கு எதுவுமே வர மாட்டேங்குது."

அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. இத்தனை நாளும் அவள் மேல் இருந்த கோபமெல்லாம் எனக்கு அந்த ஒரு நொடியில் வடிந்துவிட்டது. அவள் திரும்பி நாற்காலிகளைப் பார்த்தாள். அங்கே எல்லாரும் இப்போது அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி, நான் பாக்கல" என்றாள். "பரீட்சை இன்னும் முடியல. நீ படு."

சொல்லிவிட்டு அவனுக்குப் பக்கத்தில் அதே பாயில் தானும் படுத்தாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, கண்ணை இறுக்கி மூடி, கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். "இப்ப பாக்கல பாரு" என்றாள். கொஞ்ச நேரம் அவள் விரல்கள் பையின் மேல் தாளம் போட்டன. பிறகு தாளம் நின்றது. பை மெல்லச் சரிந்து தரையில் விழுந்தது. அடுத்து வந்த சத்தம் குறட்டை.

அம்மா பகல் வெளிச்சத்தில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. எங்களுக்கு முன்னால் எழுந்து, எங்களுக்குப் பின்னால் படுக்கிறவள். தம்பி அவள் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தான். அசைவில்லை. எதிர் வீட்டுப் பெண் முதலில் சிரித்தாள், பிறகு வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. தம்பி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். அவன் கை வயிற்றில் இல்லை.

"சார், அப்ப யாரு பர்ஸ்ட்?" என்று நாற்காலிகளிலிருந்து ஒரு அப்பா கேட்டார்.

அண்ணன் தலையைத் தூக்காமலே தாடையால் அம்மாவைக் காட்டினார்.

அந்த நேரம் பார்த்து, கைப்பைக்குள் அம்மாவின் கைபேசி அலறியது. தம்பி பாய்ந்து எடுத்தான். அப்பாவின் குரல் எனக்கே கேட்டது, வீட்டுச் சாவி எங்கே என்று. தம்பி அம்மாவைப் பார்த்தான். வாயருகே கையைக் குவித்துக்கொண்டு ரகசியக் குரலில் சொன்னான்:

"அம்மா கிளாஸ்ல இருக்காங்கப்பா. அப்புறம் பேசுங்க."