செல்லன் மாமாவுக்குத் தீட்டு

செல்லன் மாமாவைச் சாகடித்துவிட்டுத்தான் தனேஸ்வரி கப்பல் ஏறினாள்.

வாயால் சொன்ன சாவுதான். தூரத்து ஊரான ஜெராண்டுட்டில் அவர் ஆடு வளர்த்துக்கொண்டு நன்றாகவே இருந்தார். ஆனாலும் கிள்ளான் துறைமுகத்தை விட்டுக் கப்பல் நகர்ந்தபோது, எல்லாரும் கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருக்க, அவளுக்கு மட்டும் வீட்டில் ஒரு பிணத்தைக் கிடத்திவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு வந்ததைப் போல் இருந்தது.

கப்பலுக்கு ஏற்பாடு செய்தது மகள் ஷர்மினி. புக்கிட் செந்தோசாவில் வீடு வாங்கிக் குடியிருப்பவள். தஞ்சோங் காராங்கில் நெல் லோரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா ஓய்வு பெற்றதும், பினாங்கு, புக்கெட், லங்காவி என்று ஒரு வாரம் சுற்றிவரும் கப்பலில் இடம் பிடித்துவிட்டுத்தான் செய்தியையே சொன்னாள். தேதியை மாற்ற முடியாது. அந்த வாரத்து ஞாயிறன்றுதான் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் ஆடிக்கூழ்.

கூழுக்கு முதல் பானையை அடுப்பில் ஏற்றுவது அவர்கள் வீட்டு உரிமை. தோட்டத்து லய வீடுகளில் இருந்த காலத்திலிருந்து அப்படித்தான். தோட்டம் கைமாறி, லயங்களை இடித்து, எல்லாரும் கோவிலுக்குப் பின்னால் வரிசை வீடுகளுக்கு வந்த பிறகும் அது மாறவில்லை. சத்தியசீலனைக் கட்டிக்கொண்டு வந்த வருடத்திலிருந்து அந்தப் பானையைத் தூக்குவது தனேஸ்வரிதான். பக்கத்தில் நின்று அகப்பையைப் பிடித்துத் துழாவுவது அடுத்த வீட்டுக் காளியம்மா.

கப்பலில் போகிறோம் என்று சொல்லியிருக்கலாம். கோவில் தலைவர் புனிதன் இரண்டு நாள் முணுமுணுத்திருப்பார், அவ்வளவுதான். புனிதனுக்கா அவள் பயந்தாள்? காளியம்மாவின் முகத்துக்குத்தான் பயந்தாள். இரண்டு பேரும் ஒன்றாக நாற்று மேடையில் செம்பனைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றியவர்கள். பிறகு ஒன்றாகவே பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் பாத்திரம் கழுவியவர்கள். ஒருமுறை பிள்ளைகளோடு புக்கிட் மெலாவத்திக்குப் போனபோது காளியம்மா மலைமேல் நின்று வெகுநேரம் கடலைப் பார்த்துவிட்டு, ஒரு தடவையாவது அதில் தூரமாய்ப் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொன்னாள். சொல்லிவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தாள். புருஷன் இல்லாதவள், மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், பேசுவதில்லை. அவளிடம் போய், நான் போகிறேன் என்று எப்படிச் சொல்வது?

அதனால்தான், கேழ்வரகு அரைக்க எப்போது போகலாம் என்று வேலியோரம் காளியம்மா கேட்டபோது, “இந்த வருஷம் முடியாதுக்கா. தீட்டு” என்றாள். அந்த ஒரு வார்த்தையோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தாள். காளியம்மா கையிலிருந்த துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டு வேலிக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“அய்யோ, யாருடி?”

நாக்கு தானாகத் தேடியது. சத்தியசீலனின் பெரியப்பா மகன், பங்காளி, தூரத்தில் இருப்பவர், பிள்ளைகுட்டி இல்லாதவர், இங்கே யாரிடமும் அவர் நம்பர் இல்லை. “ஜெராண்டுட் செல்லன் மாமா” என்று வந்தது; அங்கே போய்வர ஒரு வாரமாகும் என்பதும் கூடவே வந்தது. வந்த பிறகுதான், ஏன் அவர் என்பது அவளுக்கே உறைத்தது. அழ ஆள் இல்லாதவராகப் பார்த்து எடுத்திருக்கிறாள்.

கப்பலில் சத்தியசீலன் சந்தோஷமாக இருந்தார். புதிதாக வாங்கிய அரைக்கால் சட்டையைப் போட்டுக்கொண்டு, காலையில் மேல்தளத்தில் நடந்தார். மாலையில் மந்திர வித்தை பார்த்தார். பினாங்கைத் தாண்டியதும் தண்ணீர் பச்சையாகி, பிறகு இன்னதென்று சொல்ல முடியாத ஒரு நீலமானது. அழகாகத்தான் இருந்தது. அழகாக இருக்கிறது என்று மனம் சொன்ன மறுநிமிடமே, யாரோ தோளைத் தொட்டதைப் போல் அவளுக்குக் காளியம்மா நினைவு வரும். நீச்சல் குளத்தில் கால் நனைத்தாள், எடுத்துவிட்டாள். மேசை நிறைய அடுக்கியிருந்த சாப்பாட்டில் தோசையை மட்டும் எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். கணவரிடம் சொல்லிப் பார்த்தாள். சொன்னது சொல்லியாச்சு, செல்லன் அண்ணனுக்கு இதனால் ஒரு முடிகூடக் கொட்டாது என்று அவர் இன்னொரு தட்டு மீன் எடுக்கப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் காளியம்மாவின் குரல் பதிவு வந்தது. அவளுக்கு எழுதத் தெரியாது; வாட்ஸாப்பில் எப்போதும் பேசித்தான் அனுப்புவாள். தனேஸ்வரி அறைக்குள் போய், கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டுக் காதில் வைத்தாள்.

“தனேசு, அக்காதான். சாப்பிட்டியா? அழுதுகிட்டே இருக்காத லா, சீலன் தம்பிய பாத்துக்க. கோழிக்குத் தீனி போட்டுட்டேன். இங்க பேசிட்டோம். ஒன் கை இல்லாம மொத பான ஏறக் கூடாதுன்னு நாந்தான் சொன்னேன். தீட்டு கழியட்டும்னு கூழ கடைசி ஞாயித்துக்குத் தள்ளி வெச்சாச்சு. அப்புறம், காரியம் என்னைக்குன்னு சொல்லு. நம்ம வீட்டு சாவுக்கெல்லாம் நீங்க வந்து நின்னீங்க, நாங்க வராம இருப்பமா? வேன் பேசியிருக்கு. பொம்பளைங்க எல்லாரும் வரோம்.”

அவள் அதை மறுபடி கேட்கவில்லை. கேட்க முடியவில்லை. வெளியே ஒரு தீவு பாறையும் மரமுமாக மெதுவாகக் கடந்து போனது. ஜெராண்டுட்டில், செத்துப்போகாத ஒருவர் வீட்டு வாசலில், வேன் நிறையத் தோட்டத்துப் பெண்கள் இறங்கி ஒப்பாரி வைப்பதை நினைத்தபோது அவளுக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை நினைத்து அடுத்த கணமே அருவருப்பு வந்தது.

முதலில் செல்லன் மாமா உயிரோடு இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. அபத்தம் என்று தெரியும். சொன்ன சொல் போய் அவரைத் தொட்டிருந்தால் என்ன செய்வது என்ற எண்ணம், தெரிந்தும் போகவில்லை. கூப்பிட்டாள். வெகுநேரம் மணி அடித்தது.

“யாரு?” பின்னால் ஆடு கத்தியது.

“மாமா, நான் தனேஸ். சீலன் வீட்டு…”

“அட, தனேசா! என்னம்மா, யாருக்கு என்ன?”

யாருக்கும் ஒன்றுமில்லை, சும்மாதான் கூப்பிட்டேன் என்றாள். அவர், சும்மா கூப்பிட இந்த உலகத்தில் தனக்கு ஒரு ஆள் இருப்பதாகத் தெரியாது என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆடுகளின் பேர் சொன்னார், முழங்கால் வலியைச் சொன்னார். ஆடி மாசமாச்சே, கூழ் ஊற்றியாச்சா என்று கேட்டார். இன்னும் இல்லை, கடைசி ஞாயிறு என்று அவள் வாய் உண்மையைச் சொல்லிவிட்டது.

“அப்ப வரேம்மா. சித்தப்பா சாவுக்கு வந்ததுதான் கடைசி. நீயே கூப்பிட்டப்புறம் வராம இருப்பனா?”

ஆறுதலுக்காகப் போட்ட போன் அது. இனி வேனுக்கு மட்டும் சாக்குச் சொல்லித் தப்பிக்க முடியாது. செத்தவரே பஸ் ஏறி வரப்போகிறார்.

லங்காவியில் எல்லாரும் இறங்கி வாத்து வடிவப் படகில் ஏறப் போனார்கள். சத்தியசீலனைப் போகச் சொல்லிவிட்டு, துறையில் நிழலாக இருந்த பெஞ்சில் உட்கார்ந்து காளியம்மாவைக் கூப்பிட்டாள். குரலைக் கேட்டால் தைரியம் போய்விடும் என்று, எடுத்ததும் முழுவதையும் சொன்னாள். கப்பலை, ஷர்மினியை, தேதியை, செல்லன் மாமா ஆடு வளர்ப்பதை. சொல்ல வேண்டிய இன்னொன்றும் இருந்தது.

“ஒங்கிட்ட கப்பல்னு சொல்ல வாய் வரலக்கா.”

“ஏன் வரல?”

“நீ போவணும்னு சொன்னியே.”

தூரத்தில் காளியம்மா வீட்டுக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு காளியம்மா அதை மூடினாள்.

“நான் வயிறெரிவேன்னு நெனச்சியா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். பொய் சொல்லி முடித்த கையோடு இன்னொன்று வேண்டாம் என்று தோன்றியது. சும்மா இருந்தாள். அந்தச் சும்மா இருத்தல் எவ்வளவு மோசமான பதில் என்பது, காளியம்மா, “சரி, பத்திரமா வந்து சேரு” என்று வைத்த பிறகுதான் புரிந்தது. திட்டியிருந்தால் அழுதிருக்கலாம்.

திரும்பி வந்த அன்று, வண்டியிலிருந்து பெட்டியை இறக்கும்போதே புனிதன் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். முகமெல்லாம் சிரிப்பு. காளியம்மா விசாரித்துச் சொன்னாளாம், செத்தது அதே பெயரில் வேறொரு செல்லனாம், தப்பாகச் செய்தி வந்திருக்கிறதாம், பாதி வழியில் அது தெரிந்து நீங்கள் மகள் வீட்டில் தங்கிவிட்டீர்களாம். எப்படியோ தீட்டு இல்லை, பானை நீங்களே வைக்கலாம். தலையில் அடித்துக்கொண்டு, சத்தியசீலனைப் பார்த்து, விசாரிக்காமலா கிளம்பி ஓடினீர்கள், அதற்குள் வெயிலில் எப்படிக் கறுத்துப் போயிருக்கிறீர்கள் என்று கேலி செய்தார். சத்தியசீலன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

தனேஸ்வரி நேரே காளியம்மா வீட்டுக்குப் போனாள். கதவு சாத்தியிருந்தது. கோழிகள் மட்டும் கொழுத்திருந்தன.

கடைசி ஞாயிறு காலை செல்லன் மாமா வந்தார். தோளில் ஒரு பலாப்பழம். கோவிலில் அவரைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. செத்துப் பிழைத்தவரே வா என்றார்கள். ஆயுசு கெட்டி, இனி நூறு வயசு என்றார்கள். ஒரு கிழவி அவர் கையைக் கிள்ளிப் பார்த்தாள். விஷயம் தெரிந்ததும் அவர் முதலில் சிரித்தார். பிறகு தனேஸ்வரியைத் தேடிப் பிடித்துக் கூட்டத்தின் நடுவே நிறுத்தினார்.

“பாத்தீங்களா? நான் போயிட்டேன்னு சேதி கேட்டு, பதறிப்போய் எனக்குப் போன் போட்டிருக்கு இந்தப் புள்ள. எங்கிட்ட ஒண்ணும் காட்டிக்கல. சும்மாத்தான் கூப்பிட்டேன் மாமான்னுச்சு.” அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “எனக்கு யாரு இருக்கான்னு நெனச்சிருந்தேன்.”

பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். யாரோ அவள் முதுகைத் தடவினார்கள். அந்தக் கைகளை உதறிவிட்டு ஓட வேண்டும் என்றிருந்தது. செத்துப்போன அந்த இன்னொரு செல்லன் பாவம், அவன் வீட்டில் யார் இருக்கிறார்களோ, அவனுக்கும் சேர்த்து அம்மாளிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார் மாமா. பிறந்தே இராத ஒரு மனிதனுக்காகச் சில பெண்கள் கைகூப்பினார்கள்.

கூட்டத்துக்கு வெளியே, அடுப்படியில், காளியம்மா குனிந்து விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். தனேஸ்வரி மஞ்சள் கட்டிய பானையைத் தூக்கிக்கொண்டு போனாள். பக்கத்தில் யாரும் இல்லை. பானையை அவளிடம் நீட்டினாள்.

“நீ வெய்யிக்கா. எனக்கு அருகத இல்ல.”

காளியம்மா நிமிர்ந்தாள். புகையில் கண் சிவந்திருந்தது. புகையினால் மட்டும்தானா என்று தெரியவில்லை. வாங்கக் கை நீட்டவில்லை.

“இந்த கோயில் வாசல்ல நின்னு நான் பொய் சொன்னதில்ல, தனேசு. ஒன் மானம் போகக் கூடாதுன்னு சொன்னேன். நீ வெக்கணும்னு சொன்னேன். இப்ப நீ வெக்க மாட்டேன்னு நல்லவளாயிட்டா, நான் என்னாவுறது?”

“அக்கா…”

“வெய்யி.”

புனிதன் சங்கை ஊதச் சொன்னார். எல்லாரும் திரும்பினார்கள். செல்லன் மாமா முன்னால் வந்து, எல்லாரையும்விடப் பக்தியாகக் கைகூப்பி நின்றார். தனேஸ்வரி பானையை ஏற்றினாள். தண்ணீர் கொஞ்சம் அடுப்புக்கல்லில் சிந்தி, சுர்ரென்று ஆவியானது. குலவைச் சத்தம் எழுந்தது.

அவள் மாவைக் கரைத்து ஊற்றிவிட்டு, பழக்கத்தில் வலப்பக்கம் கையை நீட்டினாள். அகப்பையை நீட்டியது புனிதனின் மனைவி கங்கா. காளியம்மா சொல்லி அனுப்பினாளாம், இடுப்பு வலியாம், இந்த வருடம் துழாவ முடியாதாம்.

கூழ் அடிபிடிக்காமல் இருக்க நிறுத்தாமல் துழாவ வேண்டும். தனேஸ்வரி தலையைத் தூக்காமல் துழாவினாள். கூட்டத்தின் கடைசியில், கையில் ஒரு சொம்போடு, காளியம்மா மற்றவர்களில் ஒருத்தியாகக் கூழ் வாங்கும் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.