விரிப்பின் மறுமுனை

விடியுமுன்பே சலவைக்கூடத்தில் எங்களுக்கு வியர்த்து ஊற்றத் தொடங்கிவிடும். மருத்துவமனைகளிலிருந்து வந்த படுக்கை விரிப்புகள் பிழிந்த ஈரத்தோடு தள்ளுவண்டியில் குவிந்து கிடக்கும். ஒன்றைத் தூக்கினாலே தோள்பட்டை இறங்கிப்போகும். நானும் அண்ணியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, துணியைத் தேய்த்து உலர்த்தும் கொதிக்கிற உருளைக்குள் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும். ஒரு கை முந்தினாலும் துணி கோணிக்கொண்டு சுருண்டுவிடும். வீட்டில் எனக்கும் அண்ணிக்கும் ஏழாம் பொருத்தம். அடுப்பை யார் துடைப்பது என்பதற்குக்கூடச் சண்டை வரும். உருளைக்கு முன்னால் நின்றால் மட்டும் எங்களுக்குள் பேச்சே தேவைப்படாது.

எங்கள் கூடத்தை இன்னொரு சலவை நிறுவனத்தோடு இணைக்கப் போவதாக முதலாளி அறிவித்தார். இணைப்புக்கென்று ஒரு மென்பொருளும் வந்து இறங்கியது. இரண்டு இடத்திலும் யார் எந்த நேரத்தில் எந்த இயந்திரத்தில் என்ன செய்கிறார்கள் என்று பதிந்துவிட்டால், எந்த வேலைக்கு ஆள் அதிகம் என்று அதுவே சொல்லிவிடுமாம். சுவரில் கேமரா பொருத்திய பெரிய திரையை மாட்டினார்கள். உருளைக்கு விரிப்பு கொடுப்பது என்று அண்ணி பதிந்தார். நானும் அதையே பதிந்தேன். செய்கிற வேலையைத்தானே சொல்ல முடியும்?

மறுவாரம் என் பெயர் திரையில் சிவப்பாக எரிந்தது. ஒரே நேரம், ஒரே இயந்திரம், ஒரே வேலை; ஆகவே ஓர் ஆள் உபரி என்று அந்த மகா புத்திசாலி கண்டுபிடித்துவிட்டது.

"நீ வலப்பக்கம், நான் இடப்பக்கம்னு போட்டிருக்கணும்டி. ரெண்டு பேரும் ஏமாந்துட்டோம்" என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டார்.

மாதக் கடைசியோடு எனக்கு வேலை இல்லை. அதுவரை அழுக்குத் துணி பிரிக்கப் போகச் சொன்னார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது? திரையைப் பார்த்துக் கத்தினால் பைத்தியம் என்பார்கள்.

அண்ணி தனியாக மாட்டிக்கொண்டார். ஒரு முனையைச் செருகிவிட்டு மறுமுனைக்கு ஓடுவார். அதற்குள் முதல் முனை மடங்கிவிடும், திரும்ப ஓடுவார். ஒருநாள் காலை மடிந்த துணியை நீவிவிடக் கையை நீட்டியவர் அலறியது கூடம் முழுக்கக் கேட்டது. கை தடுப்புக் கம்பியில் பட்டதும் உருளை தானாக நின்றுவிட்டதுதான். ஆனால் அதற்குள் புறங்கையின் தோல் வெந்து வெளுத்திருந்தது. நான் போட்டது போட்டபடி ஓடினேன். தண்ணீர்க் குழாயின் கீழே அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்குத்தான் அழுகை வந்தது.

யாரும் வேலைக்குத் திரும்பவில்லை. மடிப்பு மேசைக்காரிகள், துவைப்புப் பக்கத்து ஆண்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். சத்தம் கேட்டு முதலாளி இறங்கி வந்தார்.

"கையில துணி சுத்தியாச்சுல்ல? அப்புறம் ஏன் மெஷின் நிக்குது?"

"ரெண்டு பேர் இல்லாம இனி ஓடாது, முதலாளி" என்றேன்.

"நான் என்னம்மா பண்றது? மென்பொருள் சொல்லுது."

"அதுக்குக் கை இருந்தா வந்து ஒரு முனையப் பிடிக்கச் சொல்லுங்க" என்றார் அண்ணி.

யாரோ சிரித்தார்கள். முதலாளியின் முகம் சிவந்தது. "நாளைக்கு இணைப்புக்குக் கையெழுத்து. நீங்க இப்படி நின்னா பேரம் முறிஞ்சுபோகும். அப்ப இந்த ஒருத்திக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும் வேலை போகும். அங்க இருக்கிறவங்களப் பாருங்க, ஒருத்தியே ஜம்முன்னு செய்யுறா!"

சொன்னதோடு நில்லாமல் திரையைத் தட்டினார். மற்ற நிறுவனத்தின் கூடம் நேரலையாகக் கண்முன் விரிந்தது. அங்கேயும் உருளை, அங்கேயும் ஈரத்துணிக் குவியல். ஒருத்தி இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். அவள் முழங்கைக்குக் கீழே கட்டுப் போட்டிருந்தது.

அவர்கள் சுவரிலும் திரை இருந்திருக்க வேண்டும். அவள் நிமிர்ந்து எங்களைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். அண்ணி ஈரத்துணி சுற்றிய கையை உயர்த்திக் காட்டினார். அவள் உற்றுப் பார்த்தாள். பிறகு தன் கட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"போதும், போதும்" என்று முதலாளி அவசரமாகத் திரையை அணைத்தார்.

"நல்ல வேளை காட்டினீங்க" என்றார் அண்ணி. "அவங்களும் நாங்களும் சேர்ந்து ரெண்டு முதலாளிங்ககிட்டயும் பேசணும். அதுவரைக்கும் உருளையத் தொட மாட்டோம்."

"அவங்க எதுக்கு உங்களோட சேரப்போறாங்க? ஊரு பேரு தெரியாதவங்க!"

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனாலும் தள்ளுவண்டி ஓரத்தில் அண்ணியை உட்கார வைத்து நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். நீராவியின் சீறல் மெல்ல அடங்கியது.

முதலாளியின் செல்போன் அடித்தது. எரிச்சலோடு எடுத்தவர், கேட்கக் கேட்க அணைந்த திரையைத் திரும்பிப் பார்த்தார்.

"அங்கேயுமா?" என்றார்.