சரிங்க என்று சொன்ன எடை

பொம்மிடி ரயில் நிலையத்துக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அமுதவல்லி, ஒரு கவளம் சோறு கூடுதலாக உண்ணாமலே போன ஆவணியில் ஒன்பது கிலோ எடை ஏறினாள். இடுப்பு பெருக்கவில்லை, ரவிக்கை இறுகவில்லை, கன்னம் ஒட்டியது ஒட்டியபடியே கிடந்தது. ஆனால் பக்கத்து அரிசிக் கடைத் தராசில் ஏறி நின்றால் ஐம்பத்தேழு காட்டியது. தராசுதான் கோளாறு என்று கடைக்காரர் சின்னராஜ் ஒரு சிப்பம் பொன்னியைத் தூக்கி வைத்துப் பார்த்தார். இருபத்தைந்து கிலோ சிப்பம் இருபத்தைந்துதான் இருந்தது. ஏறியதெல்லாம் ஊரார் சொன்ன புத்திமதியின் எடை என்பது பிறகுதான் தெரிந்தது.

அமுதவல்லிக்கு வயது முப்பத்தெட்டு. மகளைக் கராத்தேயில் சேர்த்துவிட்டு, வகுப்பு நடக்கும் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் ஞாயிறுதோறும் மற்றத் தாய்மார்களோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தவள், ஒரு நாள் சலிப்பு தாங்காமல் எழுந்து கடைசி வரிசையில் போய் நின்றுகொண்டாள். மகள் டியூஷன் என்று நின்றுவிட்டாள், தாய் நிற்கவில்லை. அவளைவிடப் பத்து வயது இளையவரான மாஸ்டர் நிசார் அகமது, அக்கா அக்கா என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டே ஈவிரக்கமில்லாமல் உதைக்க வைத்தார். மூன்று வருடத்தில் பச்சை பெல்ட் வந்தது. இந்த ஆண்டு தருமபுரியில் நடக்கும் போட்டியில் முப்பத்தைந்து தாண்டிய பெண்களுக்கும் முதல்முறையாக ஸ்பாரிங் என்கிற நேருக்கு நேர் மோதல் வைத்தார்கள். ஒரே பிரிவு, ஐம்பது கிலோவுக்குள். பெயர் கொடுத்தவர்கள் இரண்டே பேர்: இவளும் பாலக்கோட்டு நர்ஸ் நிர்மலாவும். யாராவது ஒருவர் ஐம்பதைத் தாண்டினாலும் சண்டை கிடையாது. அமுதவல்லி பிறந்ததிலிருந்து எதிலும் போட்டியிட்டதில்லை. எட்டாம் வகுப்பில் ஓட்டப் பந்தயத்தன்று, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று வீட்டில் நிறுத்திக்கொண்டார்கள். எதிரில் ஒருத்தி நிற்க, நடுவர் கையசைக்க, ஒரே ஒரு முறை அந்தக் கட்டத்துக்குள் நின்றுவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. இதில் யாருடைய குடி முழுகிவிடும் என்று இதை எழுதுகிறவனுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆனால் பொம்மிடிக்கு முழுகியது. ஜெராக்ஸ் கடையில் எல்லோரும் காத்து நிற்க வேண்டும், காத்து நிற்கிறவனுக்கு வாய் சும்மா இருக்காது. “நான் சொல்றேன்னு தப்பா நெனச்சுக்காதம்மா” என்றுதான் ஒவ்வொருவரும் ஆரம்பித்தார்கள். தப்பாக நினைக்கக் கூடாத அந்த விஷயம், மூக்கு உடைந்தால் யார் கடையைப் பார்ப்பது என்பது. வயசுக்கு வந்த மகளை வைத்துக்கொண்டு பேன்ட் போட்டு எகிறலாமா என்பது. கர்ப்பப்பை இறங்கிவிடும் என்பது, அதையும் ஒரு ஆண்பிள்ளை ஆதார் கார்டை நீட்டிக்கொண்டே சொன்னான். யார் கேட்டார்கள் இவர்களை? போன தைப்பொங்கலுக்கு அவள் கணவன் மாரப்பன் நாற்பத்தைந்து வயதில் கபடி ஆடி முட்டி பிசகிக் கிடந்தபோது, இதே ஊர்தான் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்து, சிங்கம்யா என்று தோளில் தட்டிவிட்டு வந்தது. அமுதவல்லி மறுத்துப் பேசி வளர்ந்தவளில்லை. பெரியவர்கள் எது சொன்னாலும் “சரிங்க” என்றே பழகிய நாக்கு. ஒவ்வொரு சரிங்கவுக்கும் கால் கிலோ, அரைக் கிலோ என்று ஏறிக்கொண்டே போனது.

அவள் கொள்ளு ரசம் குடித்தாள், ரயில்வே கேட் வரை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஓடினாள், ராத்திரிச் சோற்றை விட்டாள். ஒரு கிராம் இறங்கவில்லை. போட்டிக்கு எடை பார்க்க ஒரு வாரம் இருந்தபோது, எலும்பு முறிந்தால் இந்த வயதில் ஒட்டாது என்று முன்பே சொல்லிவிட்டுப் போயிருந்த பச்சியப்பன், பட்டா நகல் எடுக்க வந்த இடத்தில் அதையே மறுபடி சொன்னார். மெஷினுக்குள் பேப்பர் சிக்கி, கையெல்லாம் மையாக இருந்த எரிச்சலில் அமுதவல்லி, “இல்லைங்க, ஒட்டும்” என்றாள். சொன்ன மாத்திரத்தில் அவள் குதிகால் லேசாயிற்று. பச்சியப்பன் கடைப்படியில் இறங்கக் காலெடுத்தவர், மூட்டை சுமந்தவர்போல் முனகி, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

அன்று மாலையே கடையைச் சாத்திவிட்டு வீடு வீடாகப் போனாள். சண்டைக்குப் போகவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றி, கொடுத்த தண்ணீரைக் குடித்து, “நீங்க அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்கல்ல, அது இல்லைங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள். ஊருக்கு வந்த ஆத்திரத்தைப் பார்க்க வேண்டுமே! புத்திமதி சொன்னபோது மணிக்கணக்கில் நின்றவர்கள், அவள் ஒரு வரி சொன்னதும் “பெரியவங்கள எதுத்துப் பேசறியா? நம்ம வூட்டுப் பொண்ணாட்டம் நெனச்சுச் சொன்னா!” என்று குதித்தார்கள், குதிக்க முடிந்தவரை. கட்டில் கயிறுகள் அறுந்தன, ஸ்கூட்டர்கள் பின்சக்கரம் அமுங்கி ஓடின. இரண்டு பேர் தைராய்டு டெஸ்ட் எடுத்துப் பார்த்தார்கள், எல்லாம் நார்மல் என்று வந்தது. அமுதவல்லி நாற்பத்தெட்டில் நின்றாள்.

போட்டியன்று காலை பஸ்ஸில் மாரப்பன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். கெட்டவன் இல்லை; உரக்கடைக்கு லீவு போட்டுவிட்டு, அவள் பையைத் தானே சுமந்து வந்தான். ஒடசல்பட்டி தாண்டும்போது, “இந்த ஒரு தடவையோட நிறுத்திக்க அமுதா. ஆசைக்கு ஆடிட்டு வந்துரு, போதும்” என்றான், ரொம்பவும் அன்பாக. ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தவள், பதினெட்டு வருடப் பழக்கத்தில், “சரிங்க” என்றுவிட்டாள். அரங்கத்தில் மெஷின் ஐம்பத்தொன்று காட்டியது.

பத்து நிமிடம் அவகாசம் கொடுத்தார்கள். வளையல், மெட்டி, கொண்டை ஊசி எல்லாம் கழற்றினாள், ஐம்பத்தொன்றுதான். நிசார் அகமது பக்கத்தில் வந்து குனிந்தார். “அக்கா, யாருக்காச்சும் ‘இல்லைங்க’ சொல்ல பாக்கி இருக்கா?” என்றார். அமுதவல்லி யோசித்தாள். ஊர்க்காரர்களிடம் சொல்வது வேறு. இது அவளோடு ஒரே தட்டில் சாப்பிடுகிற ஆள், முதல் வரிசை நாற்காலியில் அவள் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள். அவனுக்கு வலிக்கும் என்பது தெரிந்தது. தெரிந்தே வெறுங்காலோடு அவன் எதிரில் போய் நின்றாள்.

“இல்லைங்க. நிறுத்த மாட்டேன்.”

மாரப்பனின் நாற்காலிக் கால்கள் நான்கும் அகன்று, அவன் மெல்லத் தரைக்கு வந்தான். பாட்டிலை மட்டும் விடவில்லை. மெஷின் நாற்பத்தெட்டு காட்டியது. நிர்மலா நல்ல உயரம், கால் நீளம்; ஒரு பாயின்டில் ஜெயித்தாள். அமுதவல்லிக்கு உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அதைத் துடைக்காமல் நிர்மலாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாள். சனவரியில் சேலத்தில் மறுபடி மோதுவதென்று இருவரும் அங்கேயே பேசிக்கொண்டார்கள்.

திரும்பும் பஸ் புறப்பட்டதிலிருந்தே மாரப்பன் உட்கார்ந்த இடது பக்கம் சாய்ந்தபடி ஓடியது. “நல்லதுக்குத்தான சொன்னேன்” என்றான் அவன், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

“இல்லைங்க” என்றாள் அமுதவல்லி, வீங்கிய உதட்டோடு.

பஸ் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்தாமல், “லெப்ட்ல இருக்கறவங்க நாலு பேர் ரைட்டுக்கு வாங்க” என்றார். நான்கு பேர் எழுந்து மாறி உட்கார்ந்தார்கள்.