புறாவுக்குப் பத்துப் புள்ளி

தெலுங்கு நாட்டுக் கொண்டாப்பூரில் புறாத் தொல்லைக்கு எல்லாரும் சொல்லும் மருந்து ஒன்றுதான்: வலை. பால்கனிக்கு வெளியே நைலான் வலையை இழுத்துக் கட்டிவிட்டால் புறா அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அடுத்த வீட்டுக்காரரும் கட்டினால் அதற்கடுத்த வீடு. இப்படியே தள்ளித் தள்ளி, ஓர் அடுக்ககத்தில் வலை இல்லாமல் மிஞ்சியவை இரண்டே பால்கனிகள். நான்காவது மாடியில் கலேபுடையது ஒன்று, நேர் கீழே மூன்றாவது மாடியில் ஆர்தர் அங்கிளுடையது இன்னொன்று. பேட்டைப் புறா மொத்தமும் இந்த இரண்டு விலாசத்துக்குத்தான் வந்து இறங்கியது.

கலேப் வலை கட்டாததற்குக் காரணம் ஒரு பீர்க்கங்கொடி. தொட்டியில் வைத்த கொடி கம்பிக்கு வெளியே தலையை நீட்டி, மழைநீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு ஐந்தாவது மாடி வரை ஏறிவிட்டது. வலை கட்டவேண்டுமென்றால் அதை இடுப்போடு வெட்டவேண்டும். கொடியில் பதினொரு பிஞ்சு தொங்கியது.

பாளையங்கோட்டையிலிருந்து வந்து நான்கு வருஷமாக மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிற கலேபுக்கு, சம்பளம் தராத வேலையென்றால் உயிர். தாகமெடுத்தால் செடியே அவன் போனுக்குச் செய்தி அனுப்பும்படி செய்து வைத்திருந்தான். புறாவை விரட்டவும் ஒரு கருவி செய்தான். கார் கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சும் மோட்டார் ஒன்று, கண்ணுக்குப் பழைய போன் ஒன்று, மீதிச் சாமான் கோட்டி சந்தையில் வாங்கியது. புறாவைத் தானாகவே அடையாளம் கண்டு பீய்ச்சவேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் அது சாம்பல் நிறத்தில் எது அசைந்தாலும் பீய்ச்சியது. அவன் மனைவி யூனிஸிடம் சாம்பல் நிறச் சுடிதார் மூன்று இருந்தன.

மூன்றாவது சுடிதாரும் நனைந்த அன்று யூனிஸ் கெடு வைத்தாள். அவள் மருந்துக் கம்பெனியில் தரம் பார்க்கிற அதிகாரி. பிறந்தது மிளகாய் வத்தல் மொத்த வியாபாரி வீட்டில். கெடு வைத்தால் அதில் சந்து பொந்து இருக்காது.

"அடுத்த ஞாயித்துக்கிழம காலைல பால்கனில வெள்ள விரிப்ப விரிச்சு வைப்பேன். ஆராதன முடிஞ்சு வந்து பாப்பேன். அதுல ஒரு எச்சம் கெடந்தாலும் வலைதான். வலைக்காரர அன்னைக்கே வரச் சொல்லிட்டேன்."

"கொடி?"

"பொரிச்சுத் தின்னுங்க."

கலேப் அன்றைக்கே கருவியின் மூளையைக் கழற்றிப் போட்டுவிட்டு, மனித மூளையை வாடகையில்லாமல் பிடித்தான். பால்கனியின் நேரடிப் படம் யார் போனிலும் தெரியும். விரலால் குறிபார்த்து அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சும். ஒரு புறாவை விரட்டினால் பத்துப் புள்ளி. அடுக்ககத்தின் வாட்ஸப் குழுவிலும் ஆபீஸ் நண்பர்களுக்கும் இணைப்பை அனுப்பினான். முதல் நாளே இருபத்துமூன்று பேர் சேர்ந்தார்கள்.

திங்கட்கிழமை நாற்பது புறா அடி வாங்கியது. செவ்வாய் தொண்ணூறு. புதன் நூற்று அறுபது. கலேப் தீபாவளிக் கடைக்காரன் மாதிரி மலர்ந்துபோய் அந்த எண்களை மனைவியிடம் காட்டினான்.

யூனிஸ் போனை வாங்கிப் பார்த்தாள். "விரட்ட விரட்டக் கொறையணும்லா? கூடிக்கிட்டே போவுது. கடையில திடீர்னு இம்புட்டுக் கூட்டம்னா, எவனோ ஓசியில என்னமோ குடுக்கான்னு அர்த்தம். எவன்னு பாத்தியளா?"

கலேப் கம்பிமேல் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தான். மூன்றாவது மாடியில், ஏசிப் பெட்டியின் தலைமேல், செய்தித்தாளை விரித்து அரைக்கிலோ சோளம் கொட்டியிருந்தது. தின்னும் புறாக்கள் கீழே. இடத்துக்குக் காத்திருக்கும் புறாக்கள் மேலே, கலேபின் பால்கனியில்.

சண்டைக்குப் போவதாகத்தான் இறங்கினான். ஆர்தர் அங்கிள் கதவைத் திறந்தவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. லல்லாகுடாவில் மூன்று தலைமுறை ரயில்வே குடும்பம். ரிட்டையரானபின் மகள் வீட்டோடு இங்கே வந்தவர்.

"ஷ்ஷ்! பேசாத பா. தொட்டிப் பக்கத்துல ரெண்டு உக்காந்திருக்கு." அழுத்தினார். மேலே தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. "இருபது!"

"அங்கிள், சோளம் போடுறது நீங்கதானா?"

"ஹவ் பா, நான்தான். புறா வந்தாத்தானே அடிக்க முடியும்?"

"விளையாட்டே புறாவை விரட்டத்தான் அங்கிள். நிறுத்துங்க."

"கைக்கு? எதுக்கு நிறுத்தணும்? மல்லாபூர்ல என் மச்சான் மேத்யூ இருக்கான் பாரு, லிங்க் குடுத்ததே நான்தான், அவன் எனக்கு முப்பது புள்ளி மேல நிக்கிறான். முப்பத்தஞ்சு வருஷமா எல்லாத்துலயும் முந்துறான். இதுலயும் உட்டுருவேனா? நக்கோ, முடியாது பா."

கலேப் பேரத்தில் இறங்கினான். "கொடியில காய்க்கிற பீர்க்கங்காய்ல பாதி உங்களுக்கு."

"பீர்க்கங்கா நான் திங்கிறதில்ல பா."

விலை படியவில்லை. கலேப் மேலே வந்து, வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதாக ஆபீஸுக்குச் சொல்லிவிட்டு, பகல் முழுக்க உட்கார்ந்து விதியைத் தலைகீழாக மாற்றினான். இனி அடிக்குப் புள்ளி இல்லை. ஆளுக்கு ஒரு மணி நேரம் காவல். அந்த நேரத்தில் புறா இல்லாத ஒவ்வொரு நிமிஷத்துக்கும் ஒரு புள்ளி. ஒரு புறா உட்கார்ந்தால் இருபது போய்விடும்.

சனிக்கிழமை காலை ஆர்தர் அங்கிளின் காவல். அவர் சோளத்தை வாரி உள்ளே வைத்துவிட்டு, மடித்த குடையோடு தன் பால்கனியில் நின்று இரண்டு மாடியையும் காத்தார். ஒரு புறா அண்டவில்லை. கலேப் பல்லைக் காட்டிக்கொண்டு காபி குடித்தான். அடுத்த மணி மேத்யூவின் காவல். மணி அடித்ததுதான் தாமதம், கீழே சோளம் மழையாகப் பெய்தது. புறாக்கள் நாற்பது ஐம்பதாக இறங்கின. மல்லாபூரிலிருந்து மேத்யூ பீய்ச்சிப் பீய்ச்சிப் பார்த்தார். கருவியில் ஊற்றிய தண்ணீர் தீர்ந்ததுதான் மிச்சம்.

கலேப் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். மறுநாள் விரிப்பு. விளையாட்டை நிறுத்தினால் காவலுக்கு ஆளில்லை. நடத்தினால் காவல்காரனே திருடனைக் கூட்டி வருகிறான்.

யூனிஸ் துணி மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சும்மா இருந்திருந்தால் மறுநாள் வலை அவளுக்குக் கிடைத்திருக்கும். ஆனால் கோணலாகப் போட்ட ஒப்பந்தத்தைக் கண்டால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது.

"எதிரெதிர்க் கடைய வச்சுக்கிட்டு என்னத்த செய்யுதிய? ரெண்டு பேரையும் ஒரே கடைக்குப் பங்காளி ஆக்குங்க. ஒருத்தருக்குக் கொறஞ்சா ரெண்டு பேருக்கும் கொறையணும்."

"யூனி, நீ யாரு பக்கம்?"

"நான் ஒழுங்கா நடக்கிற யாவாரத்துப் பக்கம்."

பத்து நிமிஷத்தில் ஆர்தரும் மேத்யூவும் ஒரே அணியானார்கள். இருவருக்கும் ஒரே புள்ளி. முப்பத்தைந்து வருஷப் பகை அன்று மாலை ஐந்து மணிக்குப் போனில் யோசனை கேட்டுக்கொண்டது.

ஞாயிறு காலை யூனிஸ் வெள்ளை விரிப்பை விரித்துவிட்டுக் கலேபோடு ஆராதனைக்குப் போனாள். ஆர்தர் அங்கிள் அன்றைக்கு மட்டும் சாயங்கால ஆராதனைக்கு மாற்றிக்கொண்டார். மல்லாபூரில் மேத்யூ கண். கொண்டாப்பூரில் ஆர்தர் குடை. ஒரு சிக்கல்: வாரம் முழுக்கச் சோளம் தின்று பழகிய புறாக்கள் அங்கிளின் ஏசிப் பெட்டியை விட்டுப் போக மறுத்தன. பதினொரு மணிக்கு வலைக்காரர் ராகவேந்திரா குகட்பள்ளியிலிருந்து பைக்கில் வந்து இறங்கியதும், அங்கிள் மாடியிலிருந்தே கத்தினார். "அரே பாயி! முதல்ல எனக்குக் கட்டு!"

கலேபும் யூனிஸும் திரும்பியபோது மூன்றாவது மாடியில் பாதி வலை ஏறியிருந்தது. யூனிஸ் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் பால்கனிக்குப் போனாள். அங்கிளும் ராகவேந்திராவும் பின்னாலேயே வந்தார்கள்.

விரிப்பின் மூலையில் ஒரே ஒரு பொட்டு. கரும் ஊதா, நாவற்பழம் தின்ற எச்சத்தின் நிறம்.

ராகவேந்திரா குனிந்து பார்த்துத் தெலுங்கில் சொன்னார். "பாவுரம் காதேமோ, மேடம்."

அங்கிள் பாய்ந்து தமிழாக்கினார். "புறாவே இல்லங்கிறான்! காக்காவாம். பைபிள் மேல சத்தியம் பண்றானாம்."

"'காதேமோ'ன்னா 'இல்லையோ என்னமோ'ன்னு எனக்கும் தெரியும் அங்கிள். அவரு பைபிள எடுக்கவும் இல்ல," என்றாள் யூனிஸ்.

"சரி, புறா இல்லையோ என்னமோ. அப்பக் கொடி பொழச்சுது, ஹவ் நா?"

எல்லாரும் கலேபைப் பார்த்தார்கள். அவன் கொடியைப் பார்த்தான். இரண்டு பிஞ்சு இதற்குள் ஒரு சாண் நீண்டிருந்தன. பிறகு சொன்னான். "இல்ல அங்கிள். அவ புறான்னு சொல்லல. ஒரு எச்சம்னுதான் சொன்னா. காக்காவும் கணக்குதான்."

யூனிஸ் புருஷனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சரக்கில் சொத்தை இருக்கிறது என்று கடைக்காரனே எடுத்துக் காட்டினால், அவள் அப்பா அவனிடம்தான் மறுபடியும் வாங்குவார்.

"வலை இப்போ வேண்டாம்," என்றாள். "ஒரு மாசம் தாறேன்."

"மூணு மாசம்," என்றான் கலேப், பிழைத்துக்கொண்ட தெம்பில்.

"கடைசிக் காயப் பறிக்கிற வரைக்கும். அதுக்கு மேல ஒரு நாள் கெடையாது."

கலேப் சட்டென்று தலையாட்டினான். பீர்க்கங்கொடி தினம் பூக்கும், விடாமல் காய்க்கும், கடைசிக் காய் என்று ஒன்று கண்ணில் படவே மாதக்கணக்காகும். அதை இப்போது சொல்லவேண்டாம் என்று வாயை இறுக்க மூடிக்கொண்டான்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கியளாக்கும்," என்றாள் யூனிஸ், விரிப்பைச் சுருட்டி அவன் கையில் திணித்தபடி. "போய்த் தொவைங்க." பிறகு ராகவேந்திராவை முன்னால் நடக்கவிட்டுப் படியிறங்கினாள். ஆர்தர் அங்கிள் அவர் சொன்ன விலைக்குப் பேரம் பேசாமலே சரி சொல்லிவிட்டாராம். அதை அவளால் தாங்கவே முடியவில்லை.