அண்ணி அனுப்பிய திருத்தங்கள்

பேருந்தைப் படகாக்கிவிடலாம் என்று அண்ணி சொன்னது வியாழக்கிழமை காலையில். பதிப்பகத்துக்குப் படங்கள் போய்ச்சேர வேண்டியது திங்கட்கிழமை. "பெருசா ஒண்ணும் வேலையில்லம்மா. சக்கரத்த மட்டும் எடுத்துட்டுக் கீழ தண்ணி வரஞ்சுடு" என்று பேசிப் பதிந்து அனுப்பியிருந்தாள். பல் துலக்கிக்கொண்டே அதைக் கேட்ட ஸ்கேலுக்கு, வாயிலிருந்த நுரையை யார் மேலாவது துப்பலாம் போலிருந்தது. துப்பவில்லை. "சரிங்க அண்ணி" என்று பதில் அனுப்பினாள்.

ஸ்கேல் என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். கட்டட வரைபடம் போடும் நிறுவனத்தில் படிக்கட்டும் கழிவுநீர்க் குழாயும் வரைவது அவள் பிழைப்பு. எந்தப் பொறியாளர் வந்து சுவரைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னாலும், "கையெழுத்துப் போட்டுக் குடுங்க, தள்றேன்" என்பாள். ஒரு நூல் அசைய மாட்டாள். அந்த வீராங்கனைதான் வீட்டுக்காரரின் அக்கா முன்னால் பெட்டிப் பாம்பு. கல்யாணமான புதிதில் வாயில் ஒட்டிக்கொண்ட "சரிங்க அண்ணி", பிறகு போகவே மாட்டேன் என்கிறது.

அண்ணி வங்கியில் வேலை பார்க்கிறாள், குழந்தைகளுக்குக் கதையும் எழுதுவாள். நன்றாகவே எழுதுவாள், மறுப்பதற்கில்லை. வழி தவறிப்போன பேருந்து ஒன்றின் கதையை அவள் எழுத, ஸ்கேல் படம் வரைய, பதிப்பகமும் ஒப்புக்கொண்டது. அட்டையில் தன் பெயர் வரும் என்று நினைத்தாலே ஸ்கேலுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். இத்தனை வருடம் வரைந்த படிக்கட்டு எதிலும் அவள் பெயர் கிடையாது. ஆனால் அண்ணி விட்டால்தானே? ஓட்டுநருக்கு மீசை வேண்டும் என்றாள், வரைந்தாள். மீசை வேண்டாம் என்றாள், வெள்ளை பூசி மறைத்தாள். மழை வரட்டும் என்றாள். மழை நிற்கட்டும் என்றாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே குரங்கைக்கூட முடிக்க விடவில்லை.

வீட்டில் சாப்பாட்டு மேசை முழுக்க ஈரச் சாயம். அன்று காலையும் வீட்டுக்காரர் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டார். "நீங்களாவது உங்க அக்காகிட்ட சொல்லுங்களேன்" என்றாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் எதுக்கு? மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி" என்று எழுந்து போனார். தட்டைக் கழுவியாவது வைத்தாரா என்றால் அதுவும் இல்லை.

அன்று மதியம் அலுவலகத்தில் மானம் கப்பலேறியது. அளவு சரியாக வரவேண்டுமே என்று கதையின் பேருந்தை அலுவலகக் கணினியில் ஒரு முறை வரைந்து பார்த்திருந்தாள். கடை வளாகம் ஒன்றின் வண்டி நிறுத்துமிட வரைபடத்தில், சாதாரணப் பேருந்து நிற்க வேண்டிய இடத்திலெல்லாம் அவசரத்தில் அதைப் போட்டுவிட்டாள். வாடிக்கையாளர் முன்னால் தலைமைப் பொறியாளர் தாளை விரித்தார். கண்ணிமை வைத்த பேருந்துகள் வரிசையாக நின்று அவரைப் பார்த்துச் சிரித்தன.

பிறகு அறைக்குக் கூப்பிட்டார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "பொழுதுபோக்கு வேணாங்கல. ஆனா இங்க இந்த வேலைய மட்டும் பாரு. முடியலன்னா வீட்லயே உக்காந்து பொம்ம வரஞ்சுக்க. இன்னொரு தடவ சொல்ல மாட்டேன்."

தப்பு தன் மேல்தான், திட்டியதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. பொழுதுபோக்கு என்ற சொல்தான் சுட்டது. போக்குவதற்குப் பொழுது எங்கே இருக்கிறது?

அலுவலகம் விட்டதும் வீட்டுக்குப் போய்ப் படங்களை அள்ளிக்கொண்டு நேரே அண்ணி வீட்டுக்குப் போனாள். அண்ணி அப்போதுதான் வங்கியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னால முடியாது அண்ணி. பஸ் பஸ்ஸாத்தான் இருக்கும். பிடிக்கலன்னா வேற ஆளப் பாத்துக்குங்க. எனக்கு வேலையே போயிடும் போல இருக்கு."

அண்ணி ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றாள்.

"படகு உனக்குப் பிடிக்கலையா?"

"நீங்க மாத்தினது எதுவுமே பிடிக்கல. மொதமொத எழுதிக் குடுத்தீங்களே, அதுதான் பிடிச்சது. படிச்சிட்டு அழுதுட்டேன்."

"அழுதியா? அத ஏண்டி எங்கிட்ட சொல்லல?" அண்ணிக்குக் குரல் உயர்ந்தது. "எதுக்கெடுத்தாலும் சரிங்க, சரிங்கன்னே. நல்லா இருக்குன்னு ஒரு வார்த்த உன் வாயிலேர்ந்து வந்துச்சா? கதை பிடிக்கல, நாத்தனாராச்சேன்னு மரியாதைக்கு வரையிறேன்னு நெனச்சுத்தான் மாத்தி மாத்தி எழுதினேன். எனக்கு மட்டும் வேற வேலையில்லையா?"

ஸ்கேலுக்கு யாரை முதலில் திட்டுவது என்று தெரியவில்லை. இரண்டு பேரும் மரியாதை பார்த்துப் பார்த்தே ஒரு நல்ல பேருந்தைப் பாழாக்கியிருக்கிறார்கள்.

கூடத்துத் தரையில் படங்களைப் பரப்பினார்கள். முதல் கதைக்குத் திரும்ப வேண்டுமென்றால் பாதிப் படங்களை மறுபடி வரைய வேண்டும்.

"சனி, ஞாயிறு ரெண்டு நாளும் நான் இங்கதான். உங்க தம்பி சமைச்சுக்கட்டும்" என்றாள் ஸ்கேல்.

"அவனா?" என்றாள் அண்ணி. ஆனால் மறுத்துப் பேசவில்லை. ஒரு படத்தைப் பக்கத்தில் இழுத்து வைத்துப் பார்த்தாள். "ஏம்மா, இந்த ஜன்னலுக்கு ஒரு திரை போட்டா என்ன?"

"வேணாம் அண்ணி."

அண்ணியின் முகம் சுருங்கியது. அந்த வார்த்தையை அவளிடம் யாரும் அவ்வளவு லேசாகச் சொன்னதில்லை. இழுத்த படத்தை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

"இப்பச் சொல்லு. மொதக் கதை நெஜமாவே நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு அண்ணி."

இந்த முறை அண்ணி நம்பினாள்.