இருபது ஆம்பியருக்கு எதிரே

ரலிட்சா அப்பாவின் மரண அறிவிப்பை வீட்டு கேட்டில் ஒட்டிக்கொண்டிருந்தாள். தன்யூப் ஆற்றுப் பக்கமிருந்து வந்த காற்று காகிதத்தின் கீழ்மூலையைப் பிய்த்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது முறையாக டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்தபோது ஷிவ்கோ தெருவைக் கடந்து வருவது தெரிந்தது. கையில் ஆறு சாமந்திப் பூக்கள்.

"கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்றான்.

"மன்னிக்கட்டும். உள்ள போங்க அண்ணே."

அவன் போகவில்லை. பூவை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினான். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இ-சிகரெட் கடை வைத்திருப்பவன்.

"கேக்கக் கூடாத நேரம்தான். உங்கப்பா ஏதாவது எழுதி வச்சாரா? அந்த ஊதா கலர் செல்லப் பத்தி?"

அவளுக்குப் புரிந்தது. டெலிபோன் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்று ஒன்பது வருஷமாக அப்பா வெலிச்கோவுக்கு அதுதான் வேலை. கடைக்காரர்கள் கொண்டுவரும் பேட்டரி செல்களைக் கண்ணாடி போட்ட பால்கனியில் வைத்துச் சோதிப்பார். மேலுறையில் முப்பது ஆம்பியர் என்று அச்சடித்திருக்கும். உண்மையில் அது எவ்வளவு தாங்கும் என்று நோட்டில் எழுதுவார். நேற்று முன்தினம் காலை ரொட்டிக் கடை வரிசையில் நின்றவர், முன்னால் நின்ற அம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டே சரிந்துவிட்டார்.

"நான் சொல்ற வரைக்கும் விக்காதேன்னு புதன்கிழமை போன்ல சொன்னார். மறுநாள் இப்படி ஆயிடுச்சு."

"வித்துட்டீங்களா?"

ஷிவ்கோ பூக்களைப் பார்த்தான். "ஏழு."

"எதுல போடறாங்க?"

"குழாய் மாடல் இ-சிகரெட்லதான். உள்ள சர்க்யூட், பாதுகாப்பு ஒண்ணும் கிடையாது. ஆம்பியர் தாங்கலேன்னா..."

அவன் விரல்களைப் பட்டென்று விரித்துக் காட்டினான்.

முன்னறையில் அப்பா கிடந்தார். தலைமாட்டில் மெழுகுவத்தி, சுற்றிலும் அக்கம்பக்கத்துப் பெண்கள். காலையிலிருந்து ரலிட்சாவால் அவர் பக்கத்து நாற்காலியில் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. காப்பிக் கோப்பைகளை இரண்டு முறை கழுவிவிட்டாள். டேப் வாங்க ஒரு முறை, டேப் வாங்கியதை மறந்து இன்னொரு முறை கடைக்குப் போய்விட்டாள். இப்போது நேராகப் பால்கனிக்குப் போனாள்.

நோட்டு திறந்தபடியே இருந்தது. பத்து ஆம்பியர், ஐம்பத்திரண்டு டிகிரி. பதினைந்து, எழுபத்தாறு. அடுத்த வரியில் இருபது என்று எழுதி, பக்கத்தில் கோடு மட்டும் போட்டிருந்தார். சார்ஜரில் ஓர் ஊதா செல் முழுதாக நிரம்பி, பச்சை விளக்கோடு காத்திருந்தது.

போன கோடையில் அப்பாவுக்கு மணிக்கட்டு முறிந்திருந்தபோது இந்தச் சோதனைப் பெட்டியின் பட்டன்களை எல்லாம் அவள்தான் அழுத்தினாள். விடுமுறை பாழாகிறது என்று சலித்துக்கொண்டேதான் செய்தாள். செல்லை எடுத்துப் பெட்டியின் பிடிப்பானில் பொருத்தினாள். வெப்பமானியின் ஒயரை அதன் வயிற்றில் டேப் வைத்து ஒட்டினாள். மணல் வாளியைக் காலடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"என்ன பண்றே?" வாசலில் அண்ணன் பிளாமென்.

"ஏழு நிமிஷம்ண்ணா."

"உள்ள அப்பா படுத்திருக்காரு. பாதிரியார் வர்ற நேரம். இப்ப போய் இந்தச் சனியனோட..."

"இதுல ஏழு ஜனங்க கையில இருக்கு."

"யாரு ஏழு பேரு? எந்த ஊரு? நமக்கு அவங்க யாரு?"

"தெரியாது" என்று சொல்லிவிட்டு பட்டனை அழுத்தினாள்.

பெட்டியின் மின்விசிறி இரைந்தது. ஒரு நிமிஷத்தில் நாற்பத்தெட்டு. இரண்டில் அறுபத்தைந்து. ஸ்தோய்னா அத்தை எட்டிப் பார்த்தாள்.

"எம் தம்பிய வழியனுப்பற நாள்ல என்னடி இது மாவு மில்லு சத்தம்?"

"அத்தே, கதவ மூடுங்க. வெடிச்சாலும் வெடிக்கும்."

அத்தை சிலுவைக்குறி போட்டுக்கொண்டு சட்டென்று மூடினாள். பிளாமென் மட்டும் போகவில்லை. கோட்டுப் பையிலிருந்து கையை வெளியே எடுத்து, மணல் வாளியின் பிடியைப் பிடித்துக்கொண்டான்.

மூன்று நிமிஷம், எண்பத்தொன்று. செல்லின் ஊதா உறை ஓரத்தில் சுருங்கத் தொடங்கியது. லேசாக இனிப்பு வாடை.

"ரலிட்சா, போதும்."

"இன்னும் கொஞ்சம்."

தொண்ணூற்றாறு. தொண்ணூற்றொன்பது. நூறைத் தொட்டதும் அணைத்தாள். அணைத்த பிறகும் எண் ஏறியது. நூற்றி நாலில் நின்று, மெல்ல இறங்கியது. நாலாவது நிமிஷம் இன்னும் முடியவில்லை.

பேனாவை எடுத்து, கோட்டுக்கு எதிரே எழுதினாள். அவள் எண்கள் அவருடையதைவிடப் பெரிதாக விழுந்தன.

ஷிவ்கோ இன்னும் கேட்டருகேதான் நின்றிருந்தான்.

"பதினஞ்சு" என்றாள். "முப்பது இல்ல அண்ணே. இருபதுக்கே நூறு டிகிரி தாண்டுது."

அவன் பூக்களை அவள் கையில் திணித்துவிட்டுப் போனை எடுத்தான்.

இரண்டு மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் இருந்தார்கள். பாதிரியார் அவசரமாகப் பாடினார். மூன்று மணிக்கு அவருக்கு இன்னொரு அடக்கம். குழியில் திராட்சை மதுவை ஊற்றினார்கள். பிடிமண் போட்டபோது பிளாமென் அழுதான். ரலிட்சா கேட்டின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஷிவ்கோ காதில் போனோடு முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு தடவை பேசி முடித்ததும் விரலை மடக்கினான்.

எல்லாம் முடிந்ததும் சர்க்கரை போட்ட வேகவைத்த கோதுமையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். வெளியே போகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு கரண்டி. கடைசியாக ஷிவ்கோ வந்தான்.

"ஆறு பேர் கெடச்சாங்க. ஒருத்தன் திட்டினான், பரவால்ல. ஒரு பொண்ணு மட்டும் எடுக்கவே மாட்டேங்குது. ப்ளெவென்ல படிக்கிற பொண்ணு. பதினோரு தடவை அடிச்சுட்டேன்."

"மறுபடி அடிங்க."

அடித்தான். ஸ்பீக்கரில் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் உள்ளங்கையில் கோதுமையைப் போட்டாள். கைக்கு வேறு வேலை தெரியாமல் அதை அப்படியே வாயில் போட்டுக்கொண்டான். பிளாமென் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தங்கையைக் கூப்பிட்டான். அவள் நகரவில்லை.

"ஹலோ?" தூக்கக் கலக்கத்தில் ஒரு பெண் குரல். "யாருங்க இத்தனை தடவை?"

வாய் நிறையக் கோதுமையோடு ஷிவ்கோ திணறினான். போனை ரலிட்சாவிடம் நீட்டினான்.

"நான் வெலிச்கோவோட பொண்ணு பேசறேன்" என்றாள்.

"எந்த வெலிச்கோ?"



"ஷிவ்கோ கடையில ஒரு ஊதா செல் வாங்கினீங்களே, அதச் சோதிக்கிறவர். அத உடனே வெளிய எடுங்க. இப்பவே, நான் லைன்ல இருக்கேன்."

"இப்பவேவா? சரி... இருங்க."

காலடிச் சத்தம். ஒரு மேசை இழுப்பறை. பிறகு மூடி திருகிக் கழலும் மெல்லிய உலோகச் சத்தம், சுற்றுச் சுற்றாக. கோதுமைக் கிண்ணத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு, கடைசிச் சுற்று வரை ரலிட்சா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.