அத்திப்பட்டுக்குப் போன பியானோ

பழவேற்காட்டில் மிஷன் ஆஸ்பத்திரி நடத்திய டாக்டரம்மா சீமைக்குத் திரும்பும்போது, தன் பியானோவை யேசுதாஸ் வாத்தியாருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். சர்ச்சில் பாட்டு சொல்லித்தந்தவர் வாத்தியார்தான். அடுத்த மாதமே அவருக்கு அத்திப்பட்டுப் பள்ளிக்கு மாற்றல் வந்தது. மனைவி ரத்னா தட்டுமுட்டுச் சாமான்களோடு முன்னாலேயே போய்விட்டாள். பியானோ மட்டும் பாக்கி.

லாரிக்காரன் கேட்ட வாடகை வாத்தியார் சம்பளத்துக்குக் கட்டாது. கால்வாய் வழியாகப் படகில் கொண்டுபோக, மீன்பிடிக்கிற துலுக்காணத்தைக் கேட்டார். அவனும் மச்சான் சடையப்பனும் வந்தார்கள்.

"இன்னா சார், கனமா?" என்றான் துலுக்காணம். பாரத்தைப் பார்த்துத்தான் கூலி.

"வெறும் மரப்பெட்டிதாம்ப்பா. பீரோ மாதிரி."

"இப்போ தண்ணி வத்துற நேரம். கனம்னா சாயங்காலம் ஏறட்டும், அப்பால போலாம்."

சாயங்காலம் என்றால் இரண்டு நாள் கூலியாகிவிடும். "கனமெல்லாம் இல்லை, இப்பவே போயிடலாம்" என்றார் யேசுதாஸ். ஏற்றும்போது ஆஸ்பத்திரி ஆட்கள் ஆறு பேர் கைகொடுத்ததால், பாரம் படகுக்காரர்கள் இருவருக்கும் பிடிபடவில்லை. படகு தாழ்ந்ததைப் பார்த்துத் துலுக்காணம் ஒருமுறை திரும்பினான். வாத்தியார் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

காட்டுப்பள்ளி தாண்டியதும் படகு சேற்றில் ஏறி நின்றது. இருவரும் இடுப்பளவு தண்ணீரில் குதித்துத் தள்ளினார்கள். படகு சட்டென்று ஒரு பக்கம் சாய்ந்தது. கட்டு தளர்ந்து பியானோ சறுக்கியது. அது தண்ணீரில் விழாமலிருக்கத் துலுக்காணம் கையைக் கொடுத்தான். படகின் விளிம்புக்கும் பெட்டிக்கும் நடுவே விரல்கள் மாட்டிக்கொண்டன. உள்ளேயிருந்து தந்திகளெல்லாம் ஒருசேர அதிர்ந்தன. அவன் போட்ட கத்தல் அந்தச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

சடையப்பன் கழியைக் கொடுத்து நெம்பினான். வலது கையின் இரண்டு விரல்கள் நசுங்கியிருந்தன. துண்டைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு துலுக்காணம் சொன்னான்:

"கோச்சிக்காத சார். இத்தினி வருசமா படகு ஓட்டிக்கினு, இந்தப் பாரத்துக்குத் தண்ணி பத்துமான்னு கணிக்கத் தெரியாம போச்சு. நம்ம தப்புதான்."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று யேசுதாஸ் வாயெடுத்தார். அத்திப்பட்டு வரும்வரை வார்த்தை வரவில்லை.

அங்கே ஊர்க்காரர்கள் சேர்ந்து பெட்டியை இறக்கி வீட்டுக்குள் வைத்தார்கள். காப்பி கொண்டுவந்த ரத்னா, துண்டில் ஊறிய ரத்தத்தைப் பார்த்துப் பதறினாள்.

"ரெண்டே பேர் எப்படிங்க இதை எடுத்துட்டு வந்தீங்க? உள்ள முழுக்க இரும்புச் சட்டம், எட்டு ஆளு வேணும்னு டாக்டரம்மா அன்னிக்கே சொன்னாங்களே! ஏங்க, இவங்ககிட்ட நீங்க சொல்லலியா?"

சடையப்பன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போனான். துலுக்காணம் மட்டும் வாத்தியார் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். அவன் பார்வையில் கோபம் இல்லை.

"இரும்புன்னு சொல்லியிருந்தா தண்ணி ஏறட்டும்னு இருந்திருப்போம் சார். வராமலா இருந்திருப்போம்?"

பெற்ற பிள்ளைகள் முன்னால் அடி வாங்கியது போல இருந்தது யேசுதாஸுக்கு. அன்றே அவனைப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டார். கேட்கக் கேட்க அவருக்கே அது காதில் பொய்யாக ஒலித்தது. துலுக்காணம், "வுடு சார்" என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

விரல்கள் ஆறின, ஆனால் மடங்கவில்லை. வலை வீச அந்தக் கை உதவாது என்று ஆகிவிட்டது. சடையப்பன் வீச, துலுக்காணம் கழி ஊன்றிப் படகைத் தள்ளினான்.

வீட்டில் பியானோவின் மூடியை ரத்னா துடைத்து வைப்பாள். யேசுதாஸ் திறப்பதில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்குப் போனார். துலுக்காணம் ஏரிக்குப் போயிருந்தான். அவன் மனைவி கெங்கம்மாள் வாசலில் பாய் விரித்து, இறால் குழம்பும் சோறும் வைத்தாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ஏன் சார் துன்னாம குந்திக்கினு கீற?" என்றவள், அக்கறையாகவே கேட்டாள். "அந்தப் பொட்டிக்கு ஒண்ணும் ஆவலையே? அது கெட்டுப் போயிருக்குமோன்னுதான் எங்க வூட்டுக்காரருக்கு ஒரே கவலை."

"ஒண்ணும் ஆகலைம்மா" என்று சொல்லிவிட்டு, தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார் யேசுதாஸ்.